காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை

ஒன்பது மணி தாண்டி இரண்டு நிமிஷத்தில் கரண்ட் போனது. தவசிலிங்கம் கட்டிலில் மல்லாந்து படுத்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழல்வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல மூன்று இறக்கைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒட்டியிருந்த கறுப்புத் தூசிவரை தெரிந்து, கடைசியில் ஒரு இறக்கை அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது. இரண்டு நிமிஷம் தாமதம். எதிர்வீட்டு மிக்சி பாதி அரைப்பில் அடங்கியது. பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது. கரண்ட் போன தெருவுக்கு என்று ஒரு அமைதி உண்டு. இருக்கும்போது கேட்காத சத்தங்கள் எல்லாம் நின்றபிறகுதான், இவ்வளவு நேரம் இருந்திருக்கிறதே என்று தெரியும். மாதம் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காக லைனை நிறுத்துவது. பேப்பரில் ஊர்ப் பெயர்களை வரிசையாகப் போட்டு, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்சாரம் இருக்காது என்று போடுவார்களே, அது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஐந்து மணி நேரம் தவசிலிங்கத்துக்கு ஏதாவது ஒரு கம்பத்தடியில்தான் கழிந்திருக்கிறது. அவர் வயர்மேன். மற்றவர்கள் வீட்டில் விசிறிமட்டையை வைத்துக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டுகிற நேரம் அவருக்குக் கழுத்து நிமிர்த்தி வேலை. இப்போது ஏழு மாதமாக மெடிக்கல் லீவு. வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது, ஐந்து மணி நேரம் எவ்வளவு நீளம் என்று. மனைவி சண்முகக்கனி எட்டரைக்கே சத்துணவுக் கூடத்துக்குப் போய்விட்டாள். வர மூன்றரை ஆகும். போகும்போது வாசலில் நின்று, ரசம் அடுப்புமேல் இருக்கிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்ததுபோல் ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்பு மாட்டிக்கொண்டாள். முன்னெல்லாம் அவள் அப்படி நின்றால் அவர் என்ன என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை, கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாள். போனை எடுத்துப் பார்த்தார். சார்ஜ் முப்பத்தெட்டு.

போன் வேண்டியிருந்தது அந்த ஆப்புக்காக. ஜில்லா ஆஸ்பத்திரி மனநல டாக்டரம்மாதான் அவர் போனை வாங்கி, தன் கையாலேயே அதை ஏற்றிக் கொடுத்தார். மாதம் ஒருமுறைதான் நீங்கள் இங்கே வரமுடியும், நடுவிலே இருக்கிற இருபத்தொன்பது நாளுக்கு இது என்றார். மாத்திரையைப் போலத்தான், தினமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. காலையில் திறந்தால் ஐந்து முகங்கள் வரும், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரைக்கும்; இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கும். அவர் எப்போதும் நடு முகத்தைத் தொடுவார். அழவுமில்லாத சிரிக்கவுமில்லாத அந்த முகம் அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் போலிருக்கும். அதன்பிறகு ஒரு பெண்குரல் வரும். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களின் தமிழ். ‘வணக்கம் தவசிலிங்கம். இப்போது நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்கள்.’ அவர் பெயரை அந்தக் குரல் தவசி, லிங்கம் என்று இரண்டாக உடைத்துச் சொல்லும், ஏதோ இரண்டு பேரைக் கூப்பிடுகிற மாதிரி. திரையில் ஒரு நீலவட்டம் பெரிதாகும், சிறிதாகும். பெரிதாகும்போது மூச்சை இழுக்க வேண்டும், சிறிதாகும்போது விட வேண்டும். இதையா ஒரு ஆள் போனில் பார்த்துப் படிப்பான் என்று நினைத்தவர்தான், பத்தாம் நாள் பேருந்து நிலையத்தில் வெல்டிங் பட்டறையின் நீல வெளிச்சத்தைப் பார்த்து உடம்பு வெடவெடத்து ஒரு தூணைக் கட்டிப்பிடித்தபடி நின்றபோது, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அந்த வட்டத்தைத் தேடினார். வட்டம் பொறுமையாக ஊதி ஊதி அடங்கியது. நாலு பேர் பார்த்துக்கொண்டு போனார்கள். மூச்சு திரும்பி வந்தது. சரிம்மா, என்றார் வாய்விட்டு, அந்தக் குரலிடம். அன்றிலிருந்து அதை ஒருநாளும் விட்டதில்லை. ஒரு நாளில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரல் சில சமயம் அது ஒன்றுதான். சண்முகக்கனி என்னங்க என்பாள். மகன் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிட்டு, அப்பா சாப்டாச்சா என்பான், அம்மாகிட்ட குடுங்க என்பான்.

ஆறாவது வாரப் பாடத்தில்தான் சிக்கிக்கொண்டார். மூன்று வாரமாக ஆப் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்கிறது. ‘அந்த நாளில் நடந்ததை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள். இதை வேறு யாரும் படிக்கமாட்டார்கள்.’ கீழே ஒரு மைக் படம். கட்டைவிரலால் தட்டத் தெரியாதவர்கள் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். நாளைக்குச் செய்கிறேன் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் பரவாயில்லை என்று சொல்லும். எத்தனை தடவை அழுத்தினாலும் அதே பரவாயில்லை. இன்று வீட்டில் யாருமில்லை, தெருவில் சத்தமில்லை, ஃபேன் சத்தம்கூட இல்லை. தவசிலிங்கம் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. மைக்கைத் தொட்டார். அன்னைக்கு ஐப்பசி மாசம், என்றார். போன் அதை அப்படியே எழுதியது. மத்தியானத்திலிருந்து காத்தும் மழையும், என்றார். கல்யாண மண்டபம் பக்கத்துல லைன் கட்டாயிருச்சுன்னு கம்ப்ளைண்ட் வந்தது, நானும் இருளப்பனும் சீனிராஜும் வண்டியில போனோம். இருளப்பன் என்பதை அது ‘இருள் அப்பன்’ என்று எழுதியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இருளப்பனுக்கு முப்பத்தொன்பது வயது. கம்பத்தில் ஏறும்போது வாய்க்குள் ஏதாவது முனகிக்கொண்டே ஏறுவான், பாட்டா பேச்சா என்று கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. டிபன்பாக்ஸில் எப்போதும் ஒரு மூலையில் வெங்காய வடகம் இருக்கும், ஒன்றை எடுத்து தவசிலிங்கத்தின் மூடியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பான். அது வேண்டாம், அந்த நாளைச் சொல்லு. சீனிராஜ் டிரான்ஸ்பார்மருக்குப் போயி ஸ்விட்சை எறக்கிட்டுப் போன் பண்ணான், என்றார். லைன் ஆஃப்ணே அப்படின்னான். தூத்தல் போட்டுக்கிட்டிருந்துச்சு. இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான் இருளப்பன்கிட்ட, அஞ்சு நிமிஷ வேலைதான், சட்டுனு முடிச்சிருவோம்னு சொன்னேன். அவன் பெல்ட்டை மாட்டிக்கிட்டு, கம்பத்துல ஒரு காலை வச்சுக்கிட்டு, என்னைத் திரும்பிப் பாத்து, எர்த் ராடு போட்டாச்சாண்ணேன்னு கேட்டான். போன் ‘எடுத்தாரு போட்டாச்சா’ என்று எழுதியது. யார் எடுத்தாரு. எங்கே போட்டாச்சு. தவசிலிங்கத்தின் வாய் அங்கேயே நின்றது. மைக் படம் கொஞ்ச நேரம் துடித்துவிட்டுத் தானாக அணைந்தது.

அவர் ‘ம்’ என்றார். அன்றைக்கு இருளப்பன் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அதுதான். அதில் அவருக்குச் சந்தேகமில்லை, தன் தொண்டையிலிருந்து அது புறப்பட்டது இப்போதும் ஞாபகமிருக்கிறது. எந்த ‘ம்’ என்பதுதான் தெரியவில்லை. போட்டாச்சு என்கிற ம்-மா, ஏறு ஏறு என்கிற ம்-மா, போடுகிறேன் நீ ஏறிக்கொண்டிரு என்கிற ம்-மா, இல்லை வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்து வெறுமனே வாயிலிருந்து விழுந்த ம்-மா. எர்த் ராடு என்பது ஒரு கம்பு, அவ்வளவுதான். லைன் கம்பிகளை ஒரு வயர் வழியாகத் தரையோடு இணைக்கிற கம்பு. லைனை நிறுத்தியபிறகும் எங்கிருந்தாவது கரண்ட் திரும்பி வந்துவிட்டால் அது ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். மாட்டுவதற்கு மூன்று நிமிஷம். மண்டபத்துக்காரன் ஜெனரேட்டரைப் போட்டான். அவன் வயரிங்கில் இருந்த கோளாறில் அந்தக் கரண்ட் உள்ளே ஓடியதோடு நிற்காமல் தெரு லைனிலும் ஏறியது. மேலே இருளப்பனின் முனகல் பாதியில் நின்றது. ராடு போட்டிருந்தால் ஜெனரேட்டர்தான் நின்றிருக்கும். விசாரணை நடந்தது. ராடு கம்பத்தடியில் கிடந்ததாகவும், காற்றில் கொக்கி கழன்று விழுந்திருக்கலாம் என்றும் அறிக்கையில் எழுதினார்கள். தவசிலிங்கமும் அன்றைக்கு ராடைப் பார்த்தார். ஈரமண்ணில், கம்பத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வயர் சுருளோடு கிடந்தது. அப்படியானால் அவர்தானே மாட்டியிருக்க வேண்டும். இந்தக் கை மாட்டியிருக்க வேண்டும். ஏழு மாதமாக அந்தக் கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு ஞாபகமில்லை. வண்டிக்குள், ஏணிக்குப் பக்கத்தில் சாக்குமேல் ராடு படுத்திருந்தது ஞாபகமிருக்கிறது, ஆனால் அது அன்றைக்கா வேறு என்றைக்கோவா. சில காலைகளில் அறிக்கையை நம்புவார். மாட்டினேன், காற்றில் விழுந்துவிட்டது, என் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பல் துலக்குவார். சாப்பிட உட்காரும்போது, மாட்டவேயில்லை என்று தோன்றும்; சோறு இறங்காது. டாக்டரம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது. கொன்றேன் என்று சொல்கிறவனுக்கு ஒரு இடம் இருக்கிறது, கொல்லவில்லை என்று சொல்கிறவனுக்கும் ஒரு இடம் இருக்கிறது. எது என்று தெரியாதவன் எங்கே போய் உட்காருவான். வேறு யாரும் படிக்கமாட்டார்கள் என்கிறது ஆப். யாரும் படிக்காததை யாருக்குச் சொல்வது என்று நினைத்தபோது, காலி வீட்டில் தான் ஒரு கண்ணாடித் துண்டோடு பேசிக்கொண்டிருப்பது அவருக்கே தூரத்திலிருந்து தெரிந்தது. நீலவட்டத்தைத் தொட்டார். இழுத்தார், விட்டார். இருபத்தாறு சதவீதம்.

எழவுக்கு வந்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் துக்கம் விசாரித்தார்கள், அதுவே பெரிய கொடுமை. நீங்க பொழைச்சது பெரிசு என்றார்கள். இருளப்பன் மனைவி வேலுத்தாயி நடுவீட்டில் தலைவிரித்து உட்கார்ந்திருந்தாள், அவர் உள்ளே போனதும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அதில் திட்டு இல்லை, கேள்விதான் இருந்தது. அவர் அங்கே நிற்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அதன்பிறகு அந்தத் தெருவுக்கே போகவில்லை. செக்‌ஷன் ஆபீஸிலிருந்து ஆட்கள் முதல் மாதம் பழத்தோடு வந்தார்கள், இரண்டாம் மாதம் சும்மா வந்தார்கள், மூன்றாம் மாதம் வழியில் பார்த்தால் வண்டியிலிருந்தபடியே தலையசைத்தார்கள். அவர்கள்மீது குறையில்லை. அவரைப் பார்த்தால் அவர்களுக்குக் கம்பம் ஞாபகம் வரும், நாளைக்கு ஏற வேண்டியவர்கள். ஆனால் சீனிராஜ் ஒருமுறைகூட வரவில்லை. பதினோரு வருஷம் ஒரே வண்டியில் போனவன். ஒருநாள் மருந்துக்கடையில் எதிர்ப்பட்டபோது சீட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு மருந்து வாங்காமலே போய்விட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, என்று தவசிலிங்கம் அன்று முடிவு செய்தார். அவன் என்னைக் கொலைகாரனாகத்தான் பார்க்கிறான். அன்று ஆப்பைத் திறந்து அழுகிற முகத்தைத் தொட்டார். ‘பகிர்ந்ததற்கு நன்றி’ என்று வந்தது. உடனே, ஐந்து பொருள்களைப் பாருங்கள் என்று சொன்னது. நான்கைத் தொடுங்கள், மூன்று சத்தங்களைக் கேளுங்கள். அதைத்தான் இப்போதும் செய்தார். காலண்டர். சொம்பு. மகனின் பழைய ஸ்கூல் பை. கொடியில் சண்முகக்கனியின் பச்சைச் சேலை. ஃபேன். தொடுவதற்குத் தரை, சுவர், லுங்கி, தன் முழங்கால். கேட்பதற்கு ஒரு காகம். தூரத்தில் கத்தி சாணை பிடிக்கிறவன். மூன்றாவது சத்தத்துக்காகக் காது கொடுத்தபோது, தெருமுனையில் ஆள்பேச்சு கேட்டது. மேலே பாத்துப்பா, அந்தக் கொப்பை வெட்டு என்ற குரல். யாருடைய குரல் என்று அவருக்குத் தெரிந்தது.

எழுந்து ஜன்னலருகே போனார். பேக்கரி முன்னால் இருந்த கம்பத்தில் ஒருவன் ஏறியிருந்தான், புதிதாகச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும், மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே முகம் தெரியவில்லை. கீழே சீனிராஜ் அண்ணாந்து நின்றிருந்தான். வேப்பங்கிளை ஒன்று ஒடிந்து ரோட்டில் விழுந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. தவசிலிங்கத்தின் கண் கம்பத்தின் மேலே போய்த் தேடியது. ராடு எங்கே. வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி கம்பத்தின் ஒரு பக்கத்தை மறைத்தது. தொட்டிக்குப் பின்னால் இருக்கலாம். இருக்கும். சீனிராஜ் போடாமல் ஏற்றமாட்டான். நான்கூடப் போடாமல் ஏற்றியதில்லை, அன்றைக்கு வரைக்கும். அன்றைக்கு ஏற்றினேனா. அப்போதுதான் பேக்கரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. ஒன்று, இரண்டு. யாரோ ஜெனரேட்டரைக் கிளப்பப் பார்க்கிறார்கள். கேக் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி மூன்று மணி நேரமாகக் குளிரில்லாமல் இருக்கிறது, அவன் கிளப்பத்தான் செய்வான். மூன்றாவது இருமல். தவசிலிங்கம் நீலவட்டத்தை நினைத்தார். இப்போது நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்கள் என்று அந்தக் குரல் உள்ளே சொன்னது. நான் இருக்கிறேன் தாயே, அவன் மேலே இருக்கிறான். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. அன்றைக்கும் இப்படித்தான், மேலே முனகல் நின்றபின் அவர் எவ்வளவு நேரம் அண்ணாந்தபடியே நின்றார் என்று அவருக்குத் தெரியாது. நான்காவது தடவை ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. டடடடவென்று தெரு முழுக்க நிறைந்தது. அவர் எப்படி வாசலைக் கடந்தார், கதவைத் திறந்தது எந்தக் கை என்பதும் தெரியவில்லை. உச்சிவெயிலில் தார் உள்ளங்காலைச் சுட்டபோதுதான் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. லுங்கி ஒரு கையில். ராடு, ராடு என்று கத்திக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகு சீனிராஜ் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

சீனிராஜ் ஓடிவந்து இரண்டு தோளையும் பிடித்தான். “போட்டிருக்குண்ணே. எல்லா வயருக்கும் போட்டிருக்கு. நீங்களே பாருங்க.” தவசிலிங்கம் பார்த்தார். தண்ணீர்த்தொட்டி மறைத்திருந்த பக்கத்தில், கம்பிகளில் வரிசையாகக் கொக்கிகள் மாட்டியிருந்தன. அங்கிருந்து வயர் இறங்கி வந்து மண்ணில் அடித்த முளையில் இறுக்கமாகக் கட்டியிருந்தது. அவர் குனிந்து அந்த முளையைத் தொட்டார். இருக்கிறது. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. ஜெனரேட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவன் கிளை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்; பேக்கரிக்காரர் வாசலுக்கு வந்தார்; எதிர்வீட்டுப் பெண் மாடியில் நின்றாள். எல்லோர் முகத்திலும் ஒரே பரிதாபம். சீனிராஜ் அவரை வண்டியின் நிழலுக்குக் கூட்டிப்போய்ப் படியில் உட்காரவைத்தான். தண்ணீர் கொடுத்தான். மேலே இருந்தவனை இறங்கச் சொல்லி, பத்து நிமிஷம் இருந்துவிட்டு ஏறலாம் என்று பேக்கரிப் பக்கம் அனுப்பினான். சீனிராஜ் பக்கத்தில் வந்து உட்காரவில்லை, எதிரே ரோட்டில் குத்தவைத்தான். வண்டிக்குள் ஏணி, சாக்கு, கயிற்றுச் சுருள். தவசிலிங்கம் திரும்பி அந்தச் சாக்கைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, இவ்வளவு நாள் டாக்டரம்மாவிடமும் சண்முகக்கனியிடமும் யாரும் படிக்காத அந்தப் பெட்டியிலும் சொல்ல முடியாததைச் சொன்னார்.

“அன்னைக்கு நான் ராடு போட்டேனா சீனி. எனக்கு ஞாபகமே இல்லைப்பா.”

சீனிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வேப்பிலையை எடுத்து நரம்பு நரம்பாகக் கிழித்தான். “போடலைண்ணே,” என்றான். “வண்டியிலதான் இருந்துச்சு. இதே சாக்குமேல. நான்தான் எடுத்துக் கம்பத்தடியில போட்டேன், இன்ஜினியர் சார் வர்றதுக்கு முன்னாடி.”

பிறகு அவன் சொன்னதெல்லாம் ஒழுங்கில்லாமல் வந்தது. சத்தம் கேட்டு டிரான்ஸ்பார்மரிலிருந்து ஓடிவந்தபோது தவசிலிங்கம் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாராம். கூப்பிட்டால் திரும்பவில்லை. இருளப்பனை ஏணிபோட்டு இறக்கியது மண்டபத்து ஆட்கள். ஆம்புலன்ஸ் போனபிறகு சீனிராஜ் வண்டிக்குள் பார்த்தால் ராடு அப்படியே இருந்தது, நனையாமல், கட்டு அவிழ்க்காமல். போனவன் போய்விட்டான், இவரும் ஜெயிலுக்குப் போகணுமா என்று தோன்றியதாம். எடுத்துக் கட்டை அவிழ்த்து மண்ணில் போட்டுவிட்டு, மழை விட்டிருந்ததால் அது காய்ந்தே கிடப்பதைப் பார்த்து ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினானாம். விசாரணையில் அவனைக் கேட்டார்கள், கிடந்தது என்று மட்டும் சொன்னான். பொய்யில்லைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று நான்கு முறை இந்தத் தெருமுனைவரை வந்தானாம். இதே பேக்கரியில் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவானாம். தவசிலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ பெரியதாக இடிந்து விழும் என்று ஏழு மாதமாகப் பயந்திருந்தார், ஒன்றும் விழவில்லை. போடவில்லை. அவ்வளவுதான். அந்தக் கை ஒன்றையும் மறக்கவில்லை, செய்யாததை எப்படி ஞாபகம் வைத்திருக்கும். கண்ணில் நீர் வந்தது, ஆனால் இருளப்பனுக்காகவா தனக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைத்தான் அவர் மனம் பிடித்துக்கொண்டு நின்றது. ஈரமண்ணில் நின்று ஒருவன் ராடுமேல் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், எனக்காக. மருந்துக்கடையில் அவன் ஓடியது என்னைப் பார்த்தல்ல. இவ்வளவு பெரிய ஊரில் இந்த ஒன்றைச் சுமந்துகொண்டு இரண்டு பேர் தனித்தனியாக நடந்திருக்கிறோம், ஒரு தெரு தள்ளி. வேலுத்தாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். விசைத்தறியில் வேலைக்குப் போகிறாள் என்றான் சீனிராஜ். இருளப்பனுடைய போன் நம்பரைத்தான் அவள் வைத்திருக்கிறாள், மாற்றவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்றார் தவசிலிங்கம். சொன்னால் அது அவளோடு நிற்காது, ஆபீஸ் வரைக்கும் போகும், இரண்டு பேருக்கும் வேலை போகலாம், அதற்கு மேலும் வரலாம். அதைச் சீனிராஜுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் இலையின் நடு நரம்பை மட்டும் கையில் வைத்திருந்தான். “சொல்றதுன்னா சொல்லுங்கண்ணே,” என்றான். “நான் செஞ்சதையும் சேத்துச் சொல்லிருங்க. தனியா என்னால சொல்ல முடியாது.”

இரண்டு மணிக்கு முன்பே வேலை முடிந்து ராடுகளை எடுத்தார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று சீனிராஜ் சப்-ஸ்டேஷனுக்குப் போனில் சொன்னான். சொல்வதற்கு முன் ஆட்களை விரல்விட்டு எண்ணினான். வண்டி போனது. தவசிலிங்கம் வீட்டுக்கு வந்து, உள்ளங்கால் கொப்புளத்தைப் பார்த்தார், ஒரு சொம்பு தண்ணீரைக் காலில் ஊற்றினார். போனில் நான்கு சதவீதம்தான் இருந்தது. சரியாக இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது, எதிர்வீட்டு மிக்சி விட்ட இடத்திலிருந்து அரைத்தது. சார்ஜர் வயர் குட்டை. பிளக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்தால்தான் போன் காதுக்கு எட்டும். உட்கார்ந்தார். திரையில் ஆறாவது வாரப் பாடம் அப்படியே நின்றது, எடுத்தாரு போட்டாச்சா. அதை மூடினார். பெயர்களில் தேடி இருளப்பன் லைன் என்றிருந்ததைத் தொட்டார். ஏழு மாதமாக அந்தப் பெயரை வேகமாகத் தாண்டித்தான் மற்ற பெயர்களுக்குப் போயிருக்கிறார். மணி அடித்தது. எடுக்கமாட்டாள், வேலை நேரம். எடுக்காவிட்டால் நல்லது. எடுக்க வேண்டும். ஐந்தாவது மணியில், தறிச் சத்தம் காதுக்குள் பாய்ந்தது. நூறு தறிகள் ஒன்றாக அடிக்கிற சத்தம், அவளுக்கும் இப்போதுதான் கரண்ட் வந்திருக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு குரல், யாரு என்றது. தவசிலிங்கம் என்றார். கேட்கவில்லை. மறுபடி சொன்னார். இருங்க, வெளிய வர்றேன் என்றாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. ஒரு கதவு. யாரோ அவளை எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். செருப்புச் சத்தம். இன்னொரு கதவு. தறி எங்கோ தள்ளிப்போய், வெயிலில் நிற்கிற ஒரு பெண்ணின் மூச்சு மட்டும் இருந்தது. “இப்ப சொல்லுங்கண்ணே,” என்றாள்.

அவர் சொன்னார். ஐப்பசி மழையிலிருந்து தொடங்கவில்லை. அவன் கம்பத்தில் கால் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கேட்டதிலிருந்து தொடங்கினார். அவன் கேட்டது, அவர் ம் என்றது, போடாதது, சீனிராஜ் எடுத்துப் போட்டது, எல்லாவற்றையும் சொன்னார். ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். வேலுத்தாயி குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாளோ என்று சந்தேகப்பட்டு, கேக்குதாம்மா என்றார். கேக்குது என்றாள். சொல்லி முடித்தபிறகு, தன்னை அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒருமுறை கேட்டது. “போட்டாச்சான்னு கேட்டாரா,” என்றாள். “அவரு மறக்கலைல்ல.” மறக்கலைம்மா, கேட்டான் என்றார் தவசிலிங்கம். ஊரில் எல்லோரும் அவன் அவசரக்காரன், பார்க்காமல் ஏறிவிட்டான் என்றுதான் சொல்கிறார்கள் என்றாள் அவள். அவள் மாமியாரே அப்படித்தான் சொல்லி அழுகிறாளாம். அதன்பிறகு அவள் குரல் மாறிவிட்டது, இறுகிப்போய், யாரோ பெரியவர்களின் குரல் மாதிரி. இதைப் போனில் சொன்னால் போதாது என்றாள். “வீட்டுக்கு வாங்க. எங்க அத்தைக்கு முன்னாடி உக்காந்து சொல்லுங்க. அந்த ஆளையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஞாயித்துக்கெழம எங்களுக்கு லீவு.” சரிம்மா என்றார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். தவசிலிங்கம் பிளக்குக்குக் கீழே அப்படியே உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் ஃபேன் சுற்றியது, முதுகுப் பனியன் காய ஆரம்பித்தது. இன்று புதன். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் மூன்று நாள் இருந்தது. சண்முகக்கனி வர ஒரு மணி நேரம். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். அவர் எழுந்து, அவள் வந்ததும் குடிக்க வசதியாக ரசத்தைச் சூடு பண்ணப் போனார்.